நாலு எட்டுத் தூரம்

கால் வரவில்லை. சமையலறை வாசற்படியில் நிற்கிறேன், கையில் சீனி டப்பா, எதிரே நாலு எட்டில் சாப்பாட்டு மேஜை, அந்த மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு என் மனைவி தையல்நாயகி வியர்த்துக் கொட்டிக் கிடக்கிறாள், எனக்குக் கால் வரவில்லை. போகும்போது வந்த கால்தானே. "சீனி" என்று அவள் நாக்குக் குழறியதும் குடுகுடுவென்று உள்ளே ஓடினேனே, இரண்டு வருஷமாக ஓடாத மனுஷன் ஓடத்தானே செய்தேன், அலமாரியைத் திறந்தேன், டப்பாவை எடுத்தேன், திரும்பினேன். திரும்பியதுதான் தப்பு. திரும்பும்போது பிடித்துக்கொள்ளும், வாசற்படியில் பிடித்துக்கொள்ளும், அவசரத்தில் பிடித்துக்கொள்ளும் என்று பிசியோதெரபிக்காரப் பெண் பெனிட்டா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். மூன்றும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று கேட்டு வைத்துக்கொண்டேனா? எனக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். பாதத்தை ஆணி அடித்த மாதிரி இருக்கும் என்பார்கள் என்னைப் போல நடுக்குவாதம் வந்த பார்க்கின்சன்காரர்கள். அப்படியெல்லாம் இல்லை, ஆணி அடித்தால் வலிக்கும். இது வலிக்கவே இல்லை. முழங்காலுக்கு மேலே நான் இருக்கிறேன், கீழே வேறு எவனோ இருக்கிறான், அவன் என் பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். குதிகால் தூக்குகிறது, தொடை நடுங்குகிறது, பாதத்தின் முன்பக்கம் மட்டும் தரையை விடமாட்டேன் என்கிறது. போ. போடா. போய்த் தொலையேன். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ரீடிங் எடுத்தவன் நான், பாலக்கரையிலும் உறையூரிலும் ஒரு நாளைக்கு நூறு வாசற்படி ஏறி இறங்கியவன், நாய் துரத்தி மதில் தாண்டியவன், என் சொந்த வீட்டுச் சமையலறை வாசலில், ஒரு விரற்கடை உயரம்கூட இல்லாத இந்தப் படியில் நிற்கிறேன். தையல், கொஞ்சம் பொறுத்துக்கொள். இதோ வந்துவிடுகிறேன். இதோ என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன், வாய்க்குள்ளேதான் சொல்கிறேன், அவளுக்குக் கேட்டிருக்காது.

உள் அறையிலிருந்து பெனிட்டாவின் குரல் வந்துகொண்டே இருக்கிறது. "ஒன்... டூ... பெரிசா எடுத்து வைங்க அங்கிள், சுவரை உதைக்கிற மாதிரி... வெரி குட்!" செல்போனை நிறுத்தாமல் வந்துவிட்டேன். அது வீடியோ, நான் என்ன செய்தாலும் வெரி குட் சொல்லும். நான் ஒன்றுமே செய்யாமல் நாற்காலியில் சாய்ந்து பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தீபாவளியிலிருந்து இதே கதைதான். காலை எட்டு மணிக்குத் தையல் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள், "என்னங்க, நான் போட்டுட்டேன், நீங்க ஆரம்பிங்க" என்பாள், நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அரை மணி நேரம். வீடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே குதிகாலால் தரையைத் தட்டுவேன், அவள் காதுக்குக் கேட்கிற மாதிரி, தொம் தொம் என்று. நடுநடுவே ஒரு பெருமூச்சு. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிற பையன்கூட என்னிடம் பிச்சை வாங்க வேண்டும். எட்டரைக்கு முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வெளியே வந்தால் துண்டை நீட்டுவாள், என் மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள், பிறகுதான் தட்டு வைப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம், எனக்கு முன்னால் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. டாக்டர்கூடக் கோபித்துக்கொண்டார், "ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்ட்டாகணும்மா, யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது." இவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "அவங்க எக்சர்சைஸ் அரை மணிதான் டாக்டர், முடிச்சதும் சேர்ந்து உக்காந்துடுவோம், கணக்கு சரியா இருக்கு." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு பொம்பளை நமக்காகப் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் எவனுக்குத்தான் பெருமையாக இருக்காது.

இன்றைக்குக் குறுக்கெழுத்தில் ஒரு மூலை நிரம்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். பகலில் இப்படித்தான், உட்கார்ந்தால் கண் சொருகிவிடுகிறது. விழித்தபோது ஒன்பது பத்து. வீடியோ முடிந்து தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன், டூ, ஒன், டூ. அவள் ஏன் கதவைத் தட்டவில்லை? தட்டமாட்டாள். நடுவில் கூப்பிட்டால் எனக்குத் தாளம் கெட்டுவிடும் என்று நான்தான் ஒரு பெரிய சட்டம் போட்டிருக்கிறேன். குரல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும், இன்றைக்குக் கூடுதலாகப் பண்ணுகிறார் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். சந்தோஷப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஊசி போட்ட உடம்பில் சர்க்கரை இறங்க இறங்கக் கை நடுங்க ஆரம்பித்திருக்கும், கண் இருட்டியிருக்கும், இன்னும் ஐந்து நிமிஷம், இதோ முடித்துவிடுவார், இன்னும் ஐந்து நிமிஷம் என்று, இட்லி இருக்கிற ஹாட்பாக்ஸை முன்னால் வைத்துக்கொண்டே. கையை நீட்டி ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தால் முடிந்தது விஷயம். போட்டுக்கொள்ளமாட்டாள். பைத்தியக்காரி. இல்லை, அவளை ஏன் திட்டுகிறேன், நான்தான், நான்தான்.

யாரையாவது கூப்பிட வேண்டும். தெருவில் காய்கறி வண்டி போகிறது, ஒலிபெருக்கியில் தக்காளி, வெங்காயம், சின்ன வெங்காயம் என்று பதிவு செய்த குரல். "யாராவது வாங்களேன்" என்கிறேன். எனக்கே கேட்கவில்லை. இந்த வியாதி குரலையும் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது, நான் கத்துவதாக நினைத்துக் கத்தினால் மற்றவர்களுக்கு அது முணுமுணுப்பு. வாசல் கதவும் உள்ளே தாழ் போட்டிருக்கிறது. கேட்டு யாராவது வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். வேலைக்கு வருகிற அம்மா பதினொரு மணிக்குத்தான் வருவாள். பதினொன்று! மகள் இளவரசி ஓசூரில் இருக்கிறாள், போன் அறைக்குள் இருக்கிறது, போனுக்கும் எனக்கும் நடுவில் இதே வாசற்படி. டப்பாவைத் தூக்கி எறிந்தால்? மேஜைமேல் விழுமா, விழுந்தாலும் அவள் திறப்பாளா, திறக்கிற நிலையிலா இருக்கிறாள். வெயிட்டை மாற்று. பெனிட்டா சொல்லிக்கொடுத்தது அதுதான். "கால் ஒட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க அங்கிள். நின்னுடுங்க. மூச்சு விடுங்க. இடது பக்கம் சாயுங்க, வலது பக்கம் சாயுங்க, அப்புறம் ஒரு பெரிய எட்டு." நிற்கிறேன், நின்றுகொண்டுதானே இருக்கிறேன். மூச்சு. இடது. வலது. இடது. உடம்பு முன்னால் போகிறது, கால் வரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன், இல்லையென்றால் முகம் குப்புற. தரையில் ஒரு கோடு இருப்பதாக நினை, அதைத் தாண்டு. கோடு எங்கே? மொசைக்கில் புள்ளிகள்தான் தெரிகிறது, கறுப்பும் சிவப்பும், ஆயிரம் புள்ளிகள், எதைத் தாண்டுவது? தினமும் செய்திருந்தால் உடம்புக்கே தெரிந்திருக்கும், நினைக்காமலே வந்திருக்கும், "நீங்க மறந்தாலும் கால் மறக்காது, அதுக்குத்தான் தினம் பண்ணச் சொல்றேன்" என்றாளே. நான் பழக்கியது குதிகாலால் பொய் தட்டுவதற்கு.

வகுப்புக்குப் போன மூன்று வாரம் ஒழுங்காகத்தான் செய்தேன். தில்லைநகரில் ஒரு மருந்துக்கடை மாடியில் வகுப்பு, பன்னிரண்டு பேர், எல்லாரும் என்னைப் போல ஆடுகிறவர்கள். பலூன் தட்டினோம், குத்துச்சண்டைக்காரன் மாதிரி காற்றில் குத்தினோம், கையை வீசி வீசி நீளமாக நடந்தோம். முதல் நாள் எனக்குச் சிரிப்பு, அப்புறம் எரிச்சல். ஆனால் இரண்டாவது வாரம் சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொண்டேன். ஐந்து பொத்தான். ராத்திரி படுக்கையில் புரண்டு படுக்க அவளை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. கடைத்தெருவில் நடந்து போகும்போது தையல் பின்னாலேயே நின்றுவிட்டாள், என்னடி என்று திரும்பினால், "வலது கையை வீசுறீங்க" என்றாள். அந்தக் கை ஒரு வருஷமாக இடுப்போடு ஒட்டிக்கிடந்தது. அன்றைக்குப் பாயசம் வைத்தாள், அவள் ஒரு சொட்டு நாக்கில் வைக்க முடியாத பாயசம், நான் இரண்டு டம்ளர் குடித்தேன். எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "இது எவ்வளவு நாளைக்கும்மா பண்ணணும்?" மூன்று மாதம், ஆறு மாதம் என்பாள் என்று நினைத்தேன். பெனிட்டா பலூனுக்குக் காற்று அடித்துக்கொண்டே சொன்னாள், "எப்பவுமே அங்கிள்." எப்பவுமே. குளிக்கிற மாதிரி, பல் தேய்க்கிற மாதிரி என்று என்னென்னவோ சொன்னாள், என் காதில் அந்த ஒரு வார்த்தைதான் நின்றது. எப்பவுமே என்றால் இது போகாது என்று அர்த்தம். டாக்டர் சொன்னபோது உறைக்காதது, மாத்திரைச் சீட்டைப் பார்த்தபோது உறைக்காதது, அந்தப் பலூன்காரி சொன்னபோது உறைத்தது. மறுநாள் தையலிடம், ஆட்டோவில் போனால் முதுகு வலிக்கிறது என்றேன். வீட்டிலேயே பண்ணிக்கொள்கிறேன், வீடியோ அனுப்பச் சொல் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி. இப்போது சொல்கிறேன், யாருக்கும் கேட்காத இடத்தில், பயந்துவிட்டேன்.

அவள் கை மேஜையிலிருந்து நழுவிவிட்டது. தொங்குகிறது. தையல். தையல், இங்கே பார். முனகுகிறாள், இல்லை, அது மின்விசிறிச் சத்தம். இல்லை, அவள்தான். செத்துப்போவாளா? இவள் போய்விட்டால் எனக்கு யார் மாத்திரை கொடுப்பார்கள்? சீ. முதலில் வந்த நினைப்பு அதுதான், நினைத்த மனசைக் கொளுத்த வேண்டும், அவள் போய்விடுவாளே என்றுகூட வரவில்லை, எனக்கு யார் என்றுதான் வந்தது. மாத்திரைக்கு நேரமும் கடந்துவிட்டது, அதனால்தான் உடம்பு இப்படிக் கட்டையாகிக்கொண்டு வருகிறது, மாத்திரை டப்பா அவள் தலைக்கு மேலே அலமாரியில். நான் போனால்தான் அவள், அவள் எழுந்தால்தான் நான். இரண்டு பேரும் இப்படியே இருந்தால் பதினொரு மணிக்கு வருகிறவள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். "ரொம்ப நல்லா பண்றீங்க" என்கிறது உள்ளிருந்து. வாயை மூடு. "இப்ப கீழ இறங்கிப் பழகலாம், பாய் விரிச்சுக்கங்க." கீழே. தரையில் இறங்குகிற பயிற்சி. வகுப்பில் நான் கேலி பண்ணினேனே, விழுவதற்குக்கூடப் பயிற்சியா என்று, எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. "விழறது வேற, இறங்கறது வேற அங்கிள்." ஒரு கை பிடிமானத்தில். முதலில் ஒரு முழங்கால். அதை அந்த மூன்று வாரமும் செய்தேன், செய்யத்தான் செய்தேன். இடது கை நிலையைப் பிடித்துக்கொள்கிறது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். மடங்கு. மடங்குகிறது. வலது முழங்கால் படியில் மோதுகிறது, அம்மா, உயிர் போகிறது, போகட்டும், இடது முழங்கால், இறங்கிவிட்டேன். டப்பாவைத் தரையில் வைத்து முன்னால் தள்ளுகிறேன். ஒரு கை, ஒரு முட்டி. மறு கை, மறு முட்டி. வருகிறது! நடக்க வராத கால் தவழ வருகிறது, ஏன் என்று கேட்க எனக்கு நேரமில்லை. டப்பாவைத் தள்ளு, முட்டியை எடு. எழுபது வயதில் வேட்டி அவிழ அவிழத் தவழ்ந்துகொண்டு போகிறேன், எவன் பார்த்தால் என்ன. மேஜைக்கால். அவள் பாதம். சில்லென்று இருக்கிறது.

டப்பா மூடி திறக்கவில்லை. எவர்சில்வர் மூடி, இவள் எறும்புக்குப் பயந்து அழுத்தி அழுத்தி மூடுகிறவள். விரல் ஆடுகிறது, நழுவுகிறது, பல்லால் கடித்து இழுத்தேன், பாதிச் சீனி தரையில், மீதி போதும். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முட்டியில் எழும்பி, அவள் கன்னத்துக்குள்ளே விரலை விட்டேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் ஊற்றக் கூடாது, ஈறில் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கிற சிரமம்கூட எனக்கு இல்லை. என் விரல் ஆடுகிற ஆட்டத்தில் தானே தேய்த்துக்கொள்கிறது. இத்தனை வருஷத்தில் இந்த நடுக்கம் செய்த ஒரே உபகாரம். இன்னொரு சிட்டிகை. இன்னொன்று. முழுங்கு தையல். முழுங்குடி. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஒரு மிடறு இறங்கியது தொண்டையில், பார்த்தேன். அப்புறம் என் விரலையே கடித்தாள். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

"மணி என்ன?" என்கிறாள். கண் இன்னும் சரியாக நிலைக்கவில்லை. சொன்னேன். கையால் சீனியை அள்ளி அவளே வாயில் போட்டுக்கொள்கிறாள். தண்ணீர் குடிக்கிறாள். மெல்ல மெல்ல முகத்துக்குள் அவள் திரும்பி வருவது தெரிகிறது, நெற்றி, கண், கடைசியாக வாய். கீழே குனிந்து என்னைப் பார்க்கிறாள். மண்டியிட்டிருக்கிற என்னை, தரையில் கொட்டிக் கிடக்கிற சீனியை, என் முழங்காலிலிருந்து சமையலறை வரைக்கும் போகிற ரத்தத் தடத்தை. "தவழ்ந்தா வந்தீங்க?" ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கண் நிறைகிறது. "பாத்தீங்களா, தினம் ஒரு நாள் தவறாம பண்ணீங்கல்ல, அதான் கை கொடுத்துருக்கு. பண்ணாத ஆளா இருந்தா இன்னைக்கு நான் இல்ல. இளவரசிகிட்ட சொல்லணும் இதை." சொல்லிக்கொண்டே ஹாட்பாக்ஸைத் திறக்கிறாள், கை இன்னும் ஆடுகிறது, அந்தக் கையால் ஒரு இட்லியை எடுத்து என் தட்டில் வைக்கிறாள், இரண்டாவதையும் என் தட்டில். "முதல்ல நீங்க சாப்பிடுங்க. அவ்வளவு நேரம் பண்ணது, பசிச்சிருக்கும்."

இப்படியே விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது. நாளையிலிருந்து நிஜமாகவே செய்துவிட்டுப் போகிறேன், அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் மானம் மிச்சம். நிஜமாகவே செய்வேனா? தீபாவளியன்றும் நாளையிலிருந்து என்றுதான் சொல்லிக்கொண்டேன். பொங்கலன்றும். நாளைக்கு எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொள்வாள். நான் கதவைச் சாத்துவேன். இவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பாள், இன்றைக்கு நடந்ததற்குப் பிறகு இன்னும் நம்பிக்கையோடு காத்திருப்பாள்.

"நான் பண்ணலை" என்றேன்.

"என்ன? கேக்கலை."

குரல் போதவில்லை. இப்போதும் விட்டுவிடலாம், ஒன்றுமில்லை சாப்பிடு என்று சொல்லலாம். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன். "எக்சர்சைஸ் நான் பண்ணவே இல்ல, தையல். தீபாவளிலேர்ந்து. வீடியோவைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்குத் தூங்கிட்டேன்."

கேட்டுவிட்டது. உள்ளே பெனிட்டா இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள், அதுவும் அவளுக்குக் கேட்கிறது. அறைக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைலேர்ந்து கதவைச் சாத்தக் கூடாது. இங்க, என் கண்ணு முன்னாடி பண்ணுங்க" என்றாள். அப்புறம், "ஊசி போட்டதும் நான் சாப்ட்டுடறேன். உங்களுக்குக் காத்திருக்க மாட்டேன்."

"அதான் சரி" என்றேன். சரிதானே. டாக்டர் சொன்னதுதானே. என் தட்டிலிருந்த இட்லியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிட்டாள், சட்னியில் தோய்த்தாள், வாயில் போட்டு மென்றாள். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் சாப்பிடுகிறாள், பசி தெரிகிறது, நிதானமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள். நான் தரையில் சீனிக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிவிடு என்று கேட்க இன்னும் வாய் வரவில்லை.